கூடையோடு எடை

இப்போது நமக்கெல்லாம் எடை மிஷின் என்றாலே பயம். டாக்டர் ஏறச் சொன்னால் செருப்பைக் கழற்றுகிறோம், கைப்பையை நர்ஸிடம் கொடுக்கிறோம், செல்போனை மேஜைமேல் வைக்கிறோம். போன வாரம் என் தோழி ஒருத்தி வளையலைக்கூடக் கழற்றிவிட்டு ஏறினாள். அப்படியும் முள் இரக்கம் காட்டவில்லை. அவளைக் கிண்டல் செய்துகொண்டே பின்னால் நின்றேன். என் முறை வந்தபோது எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு மிஷின் நினைவுக்கு வந்துவிட்டது. எடையைக் குறைத்துக் காட்ட இன்றைக்கு நாம் இவ்வளவு பாடுபடுகிறோம். அன்றைக்கு எடையைக் கூட்டிக் காட்ட என் அப்பா பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அந்த மிஷின் உங்களுக்கும் நினைவிருக்கும். ஆளுயரத்துக்கு நிற்கும். கண்ணாடிக்குள் சிவப்பும் பச்சையுமாகக் குட்டி பல்புகள், நடுவில் ஒரு வட்டத் தகடு. ஏறி நின்றதும் தகடு சுற்றும். சுற்றி முடித்தபிறகு ஒரு ரூபாய் போட்டால் தடித்த அட்டை ஒன்று டக்கென்று விழும். ஒரு பக்கம் யாரோ நடிகையின் படம், மறுபக்கம் எடை, அதற்குக் கீழே ஒரு வரி ஜோசியம். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில் வாழைப்பழக் கடைக்குப் பக்கத்தில் அது நின்றது. அவசரப்பட்டுத் தகடு நிற்பதற்குள் காசு போட்டுவிட்டு வாய்க்கு வந்தபடி திட்டியவர்கள் நிறையப் பேர்.

எங்கள் ஊர் தனி மாவட்டமாகிச் சில வருடங்களே ஆகியிருந்தன. எனக்குப் பத்து வயது. அப்பா மாட வீதியில் ஒரு லாட்ஜில் மேனேஜர். மேனேஜர் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சாவி கொடுப்பது, மோட்டார் போடுவது, வெந்நீர் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்துவது எல்லாம் அவர்தான். அம்மா பிளாஸ்டிக் ஒயர் கூடை பின்னி விற்றுக்கொண்டிருந்தாள். அந்த ஆடி மாதம் அவளுக்கு வேலூரில் கிராம நர்ஸ் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. ஒன்றரை வருடம் ஹாஸ்டலில் தங்கிப் படிக்க வேண்டும். முடித்தால் அரசாங்க வேலை.

"பத்து வயசுல பொண்ணு கீது, இப்ப இன்னா படிப்பு?" என்று முதலில் கேட்டது அத்தை. அப்பாவின் அக்கா. கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். அப்பாவைத் தூக்கி வளர்த்தவள் என்பதால் அவள் பேச்சுக்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா அந்த ஒருமுறைதான் தலையைக் குனிந்தபடியே மறுபேச்சு பேசினார்.

"போயிட்டு வரட்டும்க்கா. பாப்பாவ நான் பாத்துக்கறேன்."

அத்தை இறங்கிவந்தாள், ஒரு நிபந்தனையோடு.

"சரி, போவட்டும். மாசாமாசம் பௌர்ணமிக்கு நான் மலை சுத்த வர்றேன் இல்ல, அப்ப பொண்ணப் பாப்பேன். எளச்சிருந்தா, அங்கேர்ந்து நேரா வேலூருக்குப் பஸ் ஏறி அவளக் கையோட கூட்டினு வந்துடுவேன். அப்புறம் என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

ஆக, அம்மாவின் படிப்பு என் உடம்பில் எவ்வளவு சதை இருக்கிறது என்பதில் வந்து நின்றது. நானோ பிறந்ததிலிருந்தே ஒல்லி.

அம்மா கிளம்பிய அன்று மூன்று பேரும் விளையாட்டாக அந்த மிஷினில் ஏறினோம். எனக்கு இருபத்துநாலு கிலோ. அம்மாவின் அட்டையில் பயணத்தால் நன்மை உண்டு என்று ஜோசியம் வந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். மூன்று அட்டைகளையும் தன் பர்சில் வைத்துக்கொண்டாள். பஸ் கிளம்பும் முன் ஜன்னல் வழியாக அப்பாவிடம் சொன்னாள்.

"தினம் ஒரு கீரைங்க. மஞ்சளா ஒரு காய். கேவுரு கஞ்சி. சாயங்காலம் ஒரு பிடி கடலை. வாரத்துக்கு நாலு முட்டை, ஆளுக்கு ரெண்டு. அரிசி கம்மியா இருந்தாலும் பரவால்ல, இதெல்லாம் கம்மி பண்ணாதீங்க."

"சரி சரி" என்றார் அப்பா. கடைக்குப் போகிற வேலையையே அதுவரை செய்திராத மனிதர்.

கூடை பின்னி வந்த வருமானம் நின்றுவிட்டது. அப்பாவின் சம்பளத்தில் ஒரு பங்கு ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனது. மிச்சத்தில் இரண்டு பேர் சாப்பிட வேண்டும், அதுவும் அம்மா சொன்ன மாதிரி. அப்பா முதல் இரண்டு வாரம் எல்லாரிடமும் ஏமாந்தார். முற்றிய முருங்கைக்காயும் சொத்தைக் கத்திரிக்காயும் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தன. மூன்றாவது வாரத்திலிருந்து அவருக்குப் பிடிபட ஆரம்பித்தது. லாட்ஜ் வேலை செய்கிறவருக்கு நிலா நன்றாகத் தெரியும். பௌர்ணமிக் கூட்டம் வருடத்துக்கு வருடம் பெருகிக்கொண்டிருந்த காலம் அது. பௌர்ணமிக்கு முந்தின இரண்டு நாள் ஓட்டல்காரர்களும் அன்னதானக்காரர்களும் மார்க்கெட்டைக் காலி செய்துவிடுவார்கள், தக்காளியைத் தொடவே முடியாது. பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் அதே காய்கறி சீந்துவாரில்லாமல் கிடக்கும். அதனால் எங்கள் வீட்டில் வளர்பிறை முடியும்போது கஞ்சியும் கீரையும்; தேய்பிறை ஆரம்பித்தால் சாம்பாரில் காய் அடர்த்தியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் எங்கள் பெரிய மார்க்கெட். கீரைக்காரம்மாவுக்கு ஊருக்குப் போகும் பஸ் இரண்டு மணிக்கு. ஒன்றரை மணிக்குப் போய் நின்றால் மிச்சக் கட்டுகளைச் சேர்த்துத் தள்ளிவிடுவாள். அதற்கு முன்னால் போனால் விலை, பின்னால் போனால் ஆளே இருக்கமாட்டாள். முட்டைக்கடையில் விரிசல் விட்ட முட்டை விலை கம்மி. அதற்காக நான் ஒரு எவர்சில்வர் டப்பா கொண்டுபோவேன். கடலையை அத்தையே கொடுத்தனுப்பிவிடுவாள். அவள் வாயில் அது மல்லாட்டை. பழம் மட்டும் அகப்படாது. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கேட்ட விலை கொடுத்து வாங்கிப் பழக்கியிருந்ததால் பப்பாளிக்காரன்கூட எங்களைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வான்.

எல்லாம் அம்மா பின்னிய கூடையில் போகும். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட ஒயர் கூடை. ஆளுக்கொரு காதைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வழியாக நடப்போம். அங்கே என்னை மிஷினில் ஏற்றி, அட்டையை அம்மாவுக்கு அனுப்ப வேண்டும். இது அப்பாவின் யோசனை. என் பொண்ணு இளைக்கவில்லை என்று எழுதினால் நம்புவார்களோ மாட்டார்களோ, மிஷினே சொன்னால் யார் மறுப்பார்கள் என்றார்.

முதல் வாரம் நான் கூடையைக் கீழே வைக்கப் போனேன்.

"வெக்காத பாப்பா. எவனாவது தூக்கினு போயிடுவான்" என்றார் அப்பா.

நானும் கூடையோடு ஏறினேன். சத்தியமாக அன்றைக்கு அதில் வேறு எண்ணம் இல்லை; பஸ் ஸ்டாண்டில் கூடை காணாமல் போவது சகஜம். அட்டையில் இருபத்தேழு கிலோ வந்தது. அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பௌர்ணமிக்கு வந்த அத்தையிடம், "மூணு கிலோ ஏறியிருக்காக்கா" என்று சொன்னபோது அவர் முகத்தில் வெட்கமும் பெருமையும் சேர்ந்து தெரிந்தன. அத்தை என் கையைப் பிடித்து அமுக்கிப் பார்த்தாள். "கையில ஒண்ணும் தெரியல. உள்ளுக்குள்ள ஏறிகீது போல" என்றாள்.

அதற்குப் பிறகு கூடை கீழே இறங்கவே இல்லை.

ஒரு சிக்கல் இருந்தது. கீரைக்கு எடை கிடையாது. அம்மா சொன்னபடி கீரையாக வாங்கிய வாரம் நான் இளைத்துவிடுவேன். பரங்கிக்காய் வாங்கினால் ஏறிவிடுவேன். அப்பா இதைக் கண்டுபிடித்தபோது மார்க்கெட்டில் அவர் நடையே மாறிவிட்டது. ஒவ்வொரு காயையும் கையில் எடுத்து ஏந்திப் பார்ப்பார். கடைக்காரர்கள் அவரைப் பெரிய விஷயம் தெரிந்தவர் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒருமுறை மலிவாகக் கிடைத்தது என்று ஒரு பெரிய சேனைக்கிழங்கு வாங்கினார். அதைச் சமைக்கவே இல்லை. சேனை கெடாது பாருங்கள். ஒவ்வொரு ஞாயிறும் மார்க்கெட் கிளம்பும்போது அதுவும் எங்களோடு கிளம்பும். மூன்று வாரம் அந்தக் கிழங்கு என்னோடு மிஷினில் ஏறி இறங்கி, ஒன்றும் அறியாததுபோல் வீடு திரும்பி, அடுப்பங்கரை மூலையில் உட்கார்ந்துகொள்ளும்.

அம்மாவிடமிருந்து பதில் வரும். எடையைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. ஆனால் நான் ஏறின வாரமெல்லாம் கீரையைக் குறைக்க வேண்டாம் என்று எழுதுவாள். நான் இளைத்த வாரம் சந்தோஷம் என்று எழுதுவாள். படிப்பு மூளையைக் குழப்பிவிட்டது என்று அப்பாவும் நானும் பேசிக்கொண்டோம்.

சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சமையல் வரவில்லை, ஆனால் விட்டுக்கொடுக்கவும் இல்லை. முருங்கைக்கீரையைக் காம்போடு வதக்குவார். கேழ்வரகுக் கஞ்சியில் கட்டி தட்டும். அந்தக் கட்டிகளை நான் தேடித் தேடித் தின்பேன். முட்டையைத் தோசைக்கல்லில் ஊற்றி மிளகு தூவி என் தட்டில் போடுவார். நீ சாப்பிடுப்பா என்றால், "எனக்கு முட்டை ஒத்துக்காது பாப்பா. தவிர லாட்ஜ்ல டிபன் ஆயிடுச்சு" என்பார். லாட்ஜில் நல்ல டிபன் போடுகிறார்கள் போலிருக்கிறது, நானும் பெரியவளாகி லாட்ஜில் வேலைக்குப் போக வேண்டும் என்று நினைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் பெல்ட்டில் ஆணி வைத்துச் சுத்தியலால் அடித்துப் புது ஓட்டை போட்டார். நான் ஆணியைப் பிடித்துக்கொண்டேன். அது எனக்கு அன்றைக்கு ஒரு விளையாட்டு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேனையும் பரங்கியுமாக ஏறி நின்று முப்பத்தொரு கிலோ வாங்கினேன். அதுவரை அதுதான் அதிகம். அன்று ராத்திரியே எனக்குக் காய்ச்சல். நான்கு நாள் கஞ்சித் தண்ணீர் தவிர ஒன்றும் இறங்கவில்லை. அப்பா லாட்ஜுக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்ததில் அந்த அட்டையைத் தபாலில் போடவில்லை, சட்டைப்பையிலேயே கிடந்தது. காய்ச்சல் விட்ட அன்று பௌர்ணமி. அத்தை வந்துவிட்டாள்.

மலை சுற்றிவிட்டு விடியற்காலையில் வந்து, படுத்திருந்த என்னைப் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டாள். காபி குடித்ததும் எழுந்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க ரெண்டு பேரும். அந்த மிஷின் இன்னா சொல்லுதுனு நானும் ஒரு தபா பாக்கறேன்."

அப்பா கூடையை எடுத்துக்கொண்டார். ஆனால் காலி. மார்க்கெட்டுக்குப் போவது அத்தையை அனுப்பிய பிறகுதானே. கிளம்பும்போது அவர் கண் ஒருமுறை அடுப்பங்கரை மூலைக்குப் போனது. அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

ஏறினேன். தகடு சுற்றி நின்றது. அட்டை விழுந்ததும் அத்தையே எடுத்தாள். படிப்பு கிடையாது, ஆனால் எண் தெரியும். எத்தனை மூட்டைக் கடலைக்கு எடை பார்த்தவள்.

"இருபத்தஞ்சு. போன வாரம் எவ்ளோடா?"

அப்பாவின் கை சட்டைப்பைக்குப் போனது. அத்தை அவர் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த அட்டையை உருவினாள். முப்பத்தொன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு நாள்ல ஆறு கிலோ எறங்கிட்டாளாடா கொயந்த? ஆறு கிலோ?" அவள் குரல் உடைந்தது. திட்டுவாள் என்று பார்த்தால் அழுதாள்.

அப்பாவின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். சொன்னால் இத்தனை மாதமும் அக்காவிடம் பொய் சொன்னவர் ஆவார். சொல்லாவிட்டால் பெற்ற பெண்ணைச் சாகக் கிடக்க விட்டவர் ஆவார். "அக்கா, அது வந்துக்கா" என்று ஆரம்பித்தார். அவர் வந்து வந்து என்று இழுத்துக்கொண்டிருக்கையில் வேலூர் பஸ் ஹாரன் அடித்தது. அத்தை இரண்டு அட்டைகளையும் இடுப்பில் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். பஸ் திரும்பி வெளியே போகிறவரை அப்பா அதன் பின்னால் கொஞ்சதூரம் ஓடினார். கையில் காலிக் கூடை ஆடிக்கொண்டே போனது.

சாயங்காலம் லாட்ஜுக்கு அம்மா போன் செய்தாள். நாளைக்கு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாளாம். அன்றைக்கு அப்பா என்னிடம், "உங்கம்மா படிப்பு போச்சு பாப்பா. என்னாலதான்" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் மத்தியானமே மார்க்கெட்டுக்குப் போனோம். வருகிறவள் கூடையையாவது நிறைவாகப் பார்க்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ, முருங்கைக்கீரை, பரங்கிக்காய், விரிசல் இல்லாத நல்ல முட்டை, ஒரு பப்பாளி என்று அப்பா விலை பேசாமல் வாங்கினார். பிறகு பஸ் ஸ்டாண்டில் நின்று ஒவ்வொரு வேலூர் பஸ்ஸாகப் பார்த்தோம். நான்காவது பஸ்ஸில் அம்மா இறங்கினாள். பின்னால் அத்தை.

அம்மா என்னைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் என் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். நாக்கை நீட்டச் சொன்னாள். நகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் கட்டிப்பிடித்தாள், விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு மிஷினுக்குப் பக்கத்து சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து பர்சைத் திறந்தாள். ரப்பர் பேண்டு போட்ட அட்டைகள். ஒவ்வொன்றாக அத்தைக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள்.

"இத பாருங்க அண்ணி. இது வெறும் கீரை. இது பரங்கிக்காய். இது ஏதோ கிழங்கு, சேனையா இருக்கும். இதுவும் சேனை. இதுவும்." அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். "ஒரே கிழங்குதானே?"

அப்பா செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா சொல்ற நீ?" என்றாள் அத்தை.

"கூடையோட ஏத்தியிருக்காரு அண்ணி. எனக்கு முதல் ரெண்டு மூணு கார்டுலயே தெரிஞ்சுபோச்சு. நான் அங்க படிக்கிறதே குழந்தைங்களுக்கு எடை போடறதுதான். ஒரு வாரம் நாலு கிலோ ஏறி, மறுவாரம் மூணு கிலோ எறங்கற பொண்ணு எங்க இருக்கா?"

"தெரிஞ்சும் ஏம்மா கேக்காம இருந்த?"

அம்மா கூடையின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் பின்னிய கூடை.

"கூடை நெறயுதுனு தெரிஞ்சுது. அது போதும்னு இருந்துட்டேன் அண்ணி. அத நெனச்சுக்கினுதான் படுத்தா தூக்கம் வரும்." பழைய இருபத்துநாலு அட்டையையும் அத்தை கொண்டுபோன இருபத்தைந்து அட்டையையும் சேர்த்து வைத்தாள். "பாருங்க. ஜுரத்துல படுத்து எழுந்தப்புறமும் ஒரு கிலோ ஏறிதான் இருக்கா."

அத்தை இரண்டு எண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். அப்பா பக்கம் திரும்பி, "வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா, மடையா" என்றாள். அவள் சிரிக்கப் போகிறாள் என்று தெரிந்து நானும் சிரிக்கத் தயாரானேன்.

அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெல்ட்டின் நுனி அரை வட்டம் சுற்றி முதுகுப் பக்கம் போயிருந்தது.

"நீங்க ஏறுங்க" என்றாள்.

"எனக்கு எதுக்கு."

"ஏறுங்க."

அப்பா ஏறினார். கூடையோடு.

"கூடையைக் கீழ வைங்க."

"பஸ் ஸ்டாண்டும்மா இது. எவனாவது தூக்கினு போயிடுவான்."

அம்மா எழுந்துபோய் அவர் விரல்களைப் பிரித்துக் கூடையை வாங்கி என்னிடம் கொடுத்தாள். காசும் அவளே போட்டாள். அட்டை விழுந்தது. பர்சிலிருந்து ஆடி மாதத்து அட்டையை எடுத்தாள். இரண்டையும் பார்த்தவள் யாருக்கும் காட்டவில்லை, எண்ணையும் சொல்லவில்லை.

"லாட்ஜ்ல டிபன் போடறாங்களா?"

"எப்பவாச்சும்" என்றார் அப்பா.

"முட்டை?"

அவருக்காக நான் பதில் சொன்னேன். "அப்பாவுக்கு முட்டை ஒத்துக்காதும்மா."

"இவருக்கா?" என்றாள் அம்மா. "கல்யாணமான புதுசுல ஒரு வேளைக்கு நாலு முட்டை துன்ன ஆளுடி உங்கப்பா." சொல்லி முடிப்பதற்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. மாதக்கணக்காக எல்லாரும் என்னையே எடைபோட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். இரண்டு பேருக்கு என்று வாங்கியதை ஒரு ஆள்தான் சாப்பிட்டிருக்கிறாள். என் இருபத்தைந்தாவது கிலோ எங்கிருந்து வந்தது என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு அத்தை அம்மாவிடம் சொன்னாள். "நீ நாளைக்கே திரும்பிப் போம்மா. படிப்ப முடிச்சிட்டு வா. இனிமே மல்லாட்ட ரெண்டு பங்கா அனுப்பறேன். இவன் துன்றானானு பாக்கறது என் வேல." அம்மா மறுநாள் சாயங்காலம் போனாள். ஒன்றரை வருடத்தையும் முடித்தாள். பிறகு ரிட்டயர் ஆகிறவரை எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளை எடைபோட்டாள். எந்த அம்மா எடை கூட்டிக் காட்டத் துணிமூட்டையோடு பிள்ளையைத் தராசில் வைத்தாலும் கண்டுபிடித்துவிடுவாளாம்.

அந்த மிஷின் எப்போது போனதென்று தெரியவில்லை. ஒருமுறை ஊருக்குப் போனபோது அந்த இடத்தில் செல்போன் கடை இருந்தது. கூடையும் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார், நல்ல வயதாகி, நல்ல தொப்பையோடு.

அம்மா போன அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வழக்கம்போல் மார்க்கெட் போனோம். அம்மாவுக்கு இனிமேல் வாரம் இரண்டு அட்டை அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. முதலில் நான் ஏறினேன், கூடையை அப்பா வைத்திருந்தார். பிறகு அப்பா ஏறினார், கூடையை நான் வாங்கிக்கொண்டேன். அதில் பரங்கிக்காய் இருந்தது, கீரை இருந்தது, டப்பாவில் நான்கு முட்டை இருந்தது. தகடு சுற்றி நிற்க வெகுநேரம் ஆனமாதிரி இருந்தது. கை விட்டுப்போகிற மாதிரி வலித்தது. ஆனால் கூடையைக் கீழே வைக்கவில்லை.